விழுவதற்குச் சற்று முன்

மக்டலீன் நாடாவை இழுத்தாள். படகின் நடுக் கம்பத்தில் இருந்த கொளுக்கி வாய் திறந்தது. கயிறு துள்ளிப் பின்னால் போய்த் தண்ணீரில் விழுந்தது. அதன் மறுமுனையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த எமிலியா, தன்னை இழுக்க இனி ஒன்றுமில்லை என்று ஆனதும், முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று மெல்ல மெல்லப் பியோர்ட் என்ற அந்தக் கடல்நீரேரியின் குளிருக்குள் இறங்கினாள்.

படகை ஓட்டிக்கொண்டிருந்த ரங்ஹில் வேகத்தைக் குறைத்தாள். அறுபது தாண்டிய நோர்வேக்காரி, எமிலியாவின் பயிற்சியாளர். திரும்பிப் பார்க்காமல், முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியிலேயே மக்டலீனைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"விழுந்தாளா?"

"விழப் பார்த்தாள்."

"விழுந்தாளா என்று கேட்டேன்."

மக்டலீன் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டாள். படகு வட்டமடித்துக் கிட்டப் போனபோது எமிலியா மிதந்தபடியே பாதத்தில் மாட்டியிருந்த வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம்தான், ஆனாலும் உதடு நீலம் பாரித்திருந்தது.

"அம்மா, நான் விழேல்லை."

"ஆடினனி பிள்ளை. நான் கண்டனான்."

"ஆடத்தானே வேணும்! ஆடாமல் எப்பிடித் திரும்புறது?"

"முழங்கால் மடங்கிப் போச்சு."

"அது நான் மடக்கினது, அம்மா. நான். வேணுமெண்டு."

ரங்ஹில்லுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அன்று காலையிலிருந்து இதே பேச்சு இதே தொனியில் திரும்பத் திரும்ப நடந்ததில் அவளுக்கும் எல்லாம் விளங்கியிருந்தது. கயிற்றை எடுத்து மறுபடி கொளுக்கியில் மாட்டிக் கொடுத்தாள்.

நீர்ச்சறுக்கில் எமிலியா செய்வது வித்தைச் சறுக்கு. ஸ்கீ ஒன்றுதான். குட்டையாக, அகலமாக இருக்கும். நேராக ஓட வைக்கும் தகடு அதன் அடியில் இல்லை என்பதால் எந்தப் பக்கமும் சுழலும். படகு ஒரு நல்ல சைக்கிளின் வேகத்தில் போகும். இருபது விநாடிக்குள் செய்ய முடிந்த வித்தைகளைச் செய்யவேண்டும். அப்படி இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் கைபிடி கையில் இருக்கும். இரண்டாவதில், கைபிடியோடு சேர்த்துத் தைத்திருக்கும் வாருக்குள் ஒரு பாதத்தை நுழைத்து, இரண்டு கைகளையும் காற்றில் விட்டு, படகைக் காலால் பிடித்தபடி முன்னும் பின்னும் திரும்பவேண்டும். கையில் பிடித்திருப்பவள் விழும்போது கையை விட்டுவிடலாம். காலை மாட்டியிருப்பவள் விழுந்தால் படகு அவளைக் காலோடு இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் அந்தக் கொளுக்கி. அதற்காகத்தான் படகில் பின்பக்கம் பார்த்தபடி ஒருவர், கையில் ஒரு சிறு நாடாவோடு. விழுந்த உடனே இழுக்கவேண்டும். பிந்தினால் முழங்கால் போகும். முந்தினால் ஓட்டம் போகும். போட்டியில் அதையும் விழுந்ததாகவே எடுப்பார்கள், ஏன் இழுத்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒன்பது கோடைகளாக அந்த இடத்தில் எமிலியாவின் தகப்பன் எட்வேட் இருந்தார். ரி-பான என்ற நகர ரயிலின் ஓட்டுநர். வாரம் முழுக்கச் சுரங்கத்துக்குள் ரயில் ஓட்டுகிற மனிதர், ஓய்வு நாளில் வெளிச்சத்தைத் தேடிப் போவதுபோல மகளைக் கூட்டிக்கொண்டு வீடு இருக்கும் பியோர்ண்டாலில் இருந்து இரண்டு பஸ் மாறி இந்தத் துறைக்கு வருவார். எமிலியாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளில். தகப்பனுக்குப் பிடித்தது மகளைப் பார்த்து. வலது கையில் மட்டும் ஒரு தோல் கையுறை போட்டுக்கொண்டு, நாடாவை இரண்டு விரலில் தொங்கவிட்டு, வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாராம். மக்டலீன் அதைப் பார்த்ததில்லை. தண்ணீர் அவளுக்குச் சரிவராது. பயிற்சி நடக்கிற சனிக்கிழமைகளில் அப்போது அவளுக்கு வேலையும் இருந்தது.

போன நவம்பரில், கடைசி நிலையத்தில் ரயிலை நிறுத்திவிட்டு மேடையில் நடந்துவந்த எட்வேட் விழுந்து இறந்தார். பார்த்த ஒரு பெண் பிறகு சொன்னாள்: கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டு நின்றாராம். குடித்திருக்கிறார் என்று நினைத்து எல்லோரும் விலகி நடந்தார்களாம். அந்தப் பெண் அழுதுகொண்டேதான் சொன்னாள். மக்டலீன் அவளுடைய தோளைத் தடவி அனுப்பிவைத்தாள். 'கொஞ்ச நேரம்' என்ற சொல் மட்டும் அவளோடு தங்கிவிட்டது.

மே மாதத்தில் ஒருநாள் எமிலியா சாப்பாட்டு மேசையில், சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ரங்ஹில் கேட்டவ, இந்த முறை கயிறு பிடிக்க நிருஜாவைக் கேப்பமோ எண்டு."

நிருஜா அதே சங்கத்தில் சறுக்கிய பிள்ளை. ஸ்ரூவ்னர் பக்கத்தில் இருக்கிற சைவக் குடும்பம். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு ஊர்ப் போட்டியில், படகில் இருந்தவர் இழுக்கப் பிந்தியதில் முழங்கால் கிழிந்து, இரண்டு சத்திரசிகிச்சைக்குப் பிறகும் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறாள். சறுக்குவதை விட்டாலும் துறைக்கு வருவதை விடவில்லை. மக்டலீனுக்கு அவளைக் காணும்போதெல்லாம் அந்தக் கால்தான் கண்ணில் படும்.

"அவளேன்? நான் இருக்கிறன்."

"அம்மா, உங்களுக்கு நீந்தத் தெரியாது."

"நான் என்ன, உன்னோட சேந்து சுத்தப் போறனே? இருந்த இடத்திலை இருந்து பாக்கிறதுதானே."

எமிலியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "சரி அம்மா" என்றாள். அந்தப் 'பிறகு'க்கு முன்னால் இருந்த மௌனத்தைச் சந்தோசம் என்று மக்டலீன் எடுத்துக்கொண்டாள். தகப்பனின் இடத்தில் தாய். வேறென்ன வேண்டும்?

எட்வேட்டின் கையுறை அலுமாரியில் அவருடைய வேலை உடுப்புகளோடு கிடந்தது. அவள் விரல்களுக்கு அது பெரிது. போட்டுக்கொண்டாள்.

மக்டலீன் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர். இருபது வருடத்துக்கு மேலாக அவளுடைய வேலை மனிதரை விழாமல் பார்ப்பது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு. ஒருவர் விழப்போவது முகத்தில் தெரிவதற்கு முன் காலில் தெரியும். பெருவிரல் தரையைத் தேடும், முழங்கால் ஒரு நூல் அளவு விலகும். விழுந்தபிறகு பிடிப்பவள் அங்கே பராமரிப்பாளர் அல்ல. விசாரணையில் பதில் சொல்கிறவள். எனவே அவள் முந்திப் பிடிப்பாள். அதற்காகவே அவளுக்கு அங்கே நல்ல பெயர். புதிதாக வருகிறவர்களை அவளோடுதான் சேர்த்துவிடுவார்கள்.

அந்தக் கையைத்தான் அவள் படகுக்கும் கொண்டுவந்திருந்தாள்.

கூட வேலை செய்கிற மங்களேஸ்வரி உடுப்பு மாற்றும் அறையில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, கறுப்புச் சட்டைக்கு மேலை செம்மஞ்சள் மிதவைச் சட்டையாம்?"

"ஆர் சொன்னது அக்கா?"

"ஆர் சொல்லேல்லை எண்டு கேள். மனுசன்ரை வருசம் திரும்பேல்லை, தாயும் மகளும் கடலுக்கை கூத்தடிக்கினம் எண்டு கதை. உன்ரை கோயில் சனத்துக்கும் எங்கடை கோயில் சனத்துக்கும் இதிலை மட்டும் நல்ல ஒற்றுமை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நானோ? அவள் குளியல் தொட்டிக்கே பயப்பிடுறவள், அவள் கடல்லை கூத்தடிச்சால் ரிக்கற் எடுத்தெண்டாலும் நான் போய்ப் பாப்பன் எண்டு சொன்னன்."

மக்டலீன் சிரித்தாள். சிரித்துவிட்டு, சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி சொன்னாள்.

"அதிலை போய் இருந்தாப் பிறகுதான் அக்கா எனக்கு நித்திரை வருது."



சொன்னது உண்மை. நவம்பரிலிருந்து மே வரை மக்டலீன் ஒழுங்காகத் தூங்கியதில்லை. படகில் அரைநாள் குந்தியிருந்து, காற்றும் உப்பும் முகத்தில் அடித்து, கண்ணிமைக்காமல் மகளைப் பார்த்துவிட்டு வந்தால், உடம்பு தானாகச் சாய்ந்தது.

தரைப் பயிற்சியும் நடக்கும். துறையில் ஒரு தூணில் கைபிடியைக் கட்டி, எமிலியாவைப் பாயில் நிறுத்தி, ரங்ஹில் சுற்றிச் சுற்றி வந்து தட்டித் திருத்துவாள். இரண்டு உள்ளங்கையும் கீழே பார்க்கவேண்டும். விரலால் கொளுவு, நெரிக்காதே. நெரித்தால் முழங்கையில் இருந்து தோள்வரை மரத்துப்போகும். கைபிடி உன் இடுப்போடு இருக்கட்டும், கை நீண்டால் படகுதான் எசமான். திரும்பும்போது ஒரு கையை விடு, மற்றக் கை கைபிடியை இடுப்போடு வைத்திருக்கட்டும், பின்பக்கம் திரும்பியபிறகு அது பின்னிடுப்பில், நாரியில், ஒட்டியிருக்கட்டும். முழங்காலை மடி. முதுகு நேர். தண்ணீரைப் பார்க்காதே, அக்கரையைப் பார்.

மக்டலீனுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றவில்லை. எண்பது கிலோ மனிதர் ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவதற்கும் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்: முழங்காலை மடி, முதுகை நேராக்கு, பாரத்தை உன் உடம்போடு வைத்துக்கொள். அதை ரங்ஹில்லிடம் சொன்னாள். ரங்ஹில் சிரித்து, "அப்படியானால் பாதி தெரியும்" என்றாள். பிறகு சிரிப்பை விட்டு, "எட்வேட் அவள் காலைப் பார்க்கவேமாட்டார். இடுப்பை மட்டும் பார்ப்பார். இடுப்பு தண்ணீருக்குப் போனால்தான் விழுந்தது" என்றாள்.

மக்டலீன் இடுப்பைப் பார்க்கப் பழகினாள். கண் பழகியது. கைதான் இன்னும் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூலையில் நிலைமை சீராகியது. எமிலியா ஆடுவது குறைந்தது. வாருக்குள் கால் மாட்டிய பிறகு நிமிர்ந்து நின்று, நிதானமாகப் பாதி திரும்பி, நிதானமாக வந்தாள். மக்டலீன் ஒரு முழு நாள் நாடாவைத் தொடாமல் இருந்தாள். மறுவாரமும் அப்படியே. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"பாத்தியே, நான் பழகியிட்டன்."

"ஓம் அம்மா" என்றாள் எமிலியா, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு. "வடிவாப் பழகியிட்டீங்கள்."

ஓகஸ்டில் தெரிவுப் போட்டி. அதில் தேறினால் அடுத்த வருடம் நாட்டு அணியோடு வெளிநாடு போகலாம். எமிலியாவுக்கு இருபது வயது; இந்த ஒரு கோடைக்காக எத்தனையோ குளிர்காலம் உடற்பயிற்சிக் கூடத்தில் கழித்தவள். கைபிடி ஓட்டம் அவளுக்குக் கைவந்தது. கால் ஓட்டம்தான் தீர்மானிக்கும் என்று ரங்ஹில் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமைகளில் தரைப் பயிற்சி மட்டும்தான், நீங்கள் வரத் தேவையில்லை என்று எமிலியா சொல்லியிருந்தாள். ஒரு வியாழன் மக்டலீனின் வேலை முறை மாறி, மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டில் காலையில் பொரித்த மீன் கட்லட் இருந்தது. பெட்டியில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறித் துறைக்கு வந்தாள்.

பாய் சுருட்டி வைத்திருந்தது. தூணில் கைபிடி இல்லை. தண்ணீரில் படகின் சத்தம் கேட்டது.

படகுக் கொட்டிலின் மூலைக்கு வந்தபோது எல்லாம் தெரிந்தது. ரங்ஹில் ஓட்டுகிறாள். பின்பக்கம் பார்த்தபடி, சுகமில்லாத காலை நீட்டிக்கொண்டு நிருஜா இருக்கிறாள். கயிற்றின் முனையில் எமிலியா.

மக்டலீன் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அந்த எமிலியாவை அவள் பார்த்ததில்லை. ஒற்றைக் கால் ஆழமாக மடிந்திருந்தது. அதன்மேல் இடுப்பு அப்படியே இருக்க, தோள்கள் இறங்கியிருக்க, கைகள் இரண்டும் எதையும் தேடாமல் காற்றில் விரிந்திருந்தன. படகு கிளப்பிய அலைமேல் ஏறி, காற்றிலேயே முழுதாகத் திரும்பி, மறுபக்கம் இறங்கி, ஆடி, பின்னால் சாய்ந்து (மக்டலீனின் விரல்கள் பெட்டியை நெரித்தன), நிமிர்ந்து, மறுபடி திரும்பினாள். மறுபடி ஆடினாள். மறுபடி நிமிர்ந்தாள். நிருஜா இரண்டு விரலில் நாடாவை வைத்துக்கொண்டு, வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எமிலியா விழுந்தாள். உண்மையான விழுகை, முதுகு தண்ணீரில் அறைந்த சத்தம் கரைக்குக் கேட்டது. அதே கணத்தில் கயிறு படகைவிட்டுத் துள்ளியது. தலை மேலே வந்ததும் முதலில் கேட்டது சிரிப்பு.

"அடியேய், நீ விழுந்த சத்தம் ஸ்வீடனுக்குக் கேட்டிருக்கும்!" என்று நிருஜா கத்தினாள்.

"இன்னொருக்கா! இன்னொருக்கா!"

அந்தச் சிரிப்பை மக்டலீன் நவம்பருக்குப் பிறகு கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்குச் சனிக்கிழமைகள் விளங்கின. சனிக்கிழமைகளில் அந்தக் கயிற்றின் முனையில் நிற்பவள் நிமிர்ந்து, விறைத்து, தோளைக் காதுவரை தூக்கி, எண்ணெய்க் கிண்ணத்தைத் தலையில் வைத்து நடப்பவளைப்போல நிற்பாள். முதல் ஓட்டத்திலும் கைபிடியை நெரிப்பாள், முழங்கை நீண்டிருக்கும். படகில் இருக்கிறவளுக்குப் பயம் வரக்கூடாது. அவ்வளவுதான் அந்தப் பிள்ளை சனிக்கிழமைகளில் செய்த வித்தை.

மக்டலீன் துறைக்கு இறங்கவில்லை. பஸ் தரிப்பிடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

பின்னேரம் எமிலியா வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள்.

"ஹாய், கட்லட்! எப்ப செய்தனீங்கள்?"

"காலமை." மக்டலீன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "இண்டைக்கு என்ன பழகினனி?"

"தரையிலைதானே. கைபிடி, நிலை, அதே அலுப்பு."

"தலை ஈரமாக் கிடக்கு."

"அங்கையே குளிச்சிட்டு வந்தனான்."

கட்லட்டைச் சூடாக்காமல், குளிராகவே நின்றபடி தின்றாள். தகப்பனும் அப்படித்தான் தின்பார். மக்டலீன் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை படகு புறப்படுவதற்கு முன் மக்டலீன் சொன்னாள். "அந்த அலையிலை ஏறித் திரும்பிற வித்தை இருக்கெல்லே, அதைச் செய் பிள்ளை. நான் இழுக்கமாட்டன்."

எமிலியா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "எது?"

"அதுதான். உனக்குத் தெரியும்."

எமிலியா தண்ணீரில் இறங்கினாள். மக்டலீன் கையுறையை இறுக்கிப் போட்டு, மற்றக் கையால் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு, இடுப்பு, இடுப்பு என்று வாய்க்குள் சொன்னாள். செபம் சொல்வதுபோல இருந்தது. எமிலியா அலையில் ஏறினாள், திரும்பினாள், இறங்கினாள், பின்னால் சாய்ந்தாள். இடுப்பு ஸ்கீயின் மேல்தான் இருந்தது. மக்டலீன் அதை நன்றாகவே பார்த்தாள்.

கொளுக்கி திறந்து கிடந்தது. இழுத்த ஞாபகம்கூட அவளுக்கு இல்லை. ஆடிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதரை, கொஞ்ச நேரம் என்ன, ஒரு கணம்கூட அவளால் அப்படியே பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. இனி அந்தக் கைக்கு வேறெதையும் பழக்க முடியாது.

தண்ணீரிலிருந்து எமிலியா கத்தவில்லை. அதுதான் அவளை வதைத்தது.

"பரவாயில்லை அம்மா. எனக்கும் முழங்கால் கொஞ்சம் நோகுது. போட்டிக்கு இதை விடுவம். லேசானதையே செய்வம்."

ரங்ஹில் கண்ணாடியில் பார்த்தாள்.

போட்டி நாளில் துறை நிறையச் சனம். புல்லில் மடக்குக் கதிரைகள், வாஃபிள் சுடும் மணம், காற்றுக்குப் படபடக்கிற கொடிகள். கறுப்புச் சட்டையில் மக்டலீன் மட்டும் ஒரு மரணவீட்டிலிருந்து நேரே வந்தவளைப்போல இருந்தாள். முதல் ஓட்டத்தில் நாடாவுக்கு வேலை இல்லை; அதை அவள் கரையில் நின்றே பார்த்தாள். கைபிடி இடுப்போடு இருந்தது. எமிலியா ஓரளவு நன்றாகவே செய்தாள்.

இரண்டாம் ஓட்டத்துக்குக் கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கவிழ்த்துப் போட்ட தோணியில் நிருஜா இருந்தாள். மக்டலீன் அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நிருஜா, நீ போய்ப் படகிலை இரு."

"அன்ரி?"

"வியாழக்கிழமையிலை இருக்கிற இடத்திலை."

நிருஜாவின் முகம் வெளிறியது. கறுப்பு ரப்பர் உடையில், ஈரத்தோடு பக்கத்தில் நின்ற எமிலியா, "அம்மா" என்றாள்.

"வந்தனான். ஒரு வியாழன் கட்லட் கொண்டுவந்தனான். நீங்கள் சந்தோசமா நிண்டனீங்கள், குழப்பேல்லை."

"அம்மா, நான் உங்களுக்குச் சொல்ல எண்டுதான்..."

"எப்ப சொல்லுவாய்? தோத்தாப் பிறகோ? நான் பயப்பிடக் கூடாதெண்டு மரம் மாதிரி நிண்டனி. அப்பிடி நிண்டு என்னத்தைச் செய்யிறது?"

எமிலியாவின் கன்னத்தில் வழிந்தது பியோர்ட் தண்ணீரா வேறா என்று சொல்லமுடியாது.

"அது அப்பான்ரை இடம். நீங்கள் அதிலை வந்து இருந்தாப் பிறகுதானே அம்மா நித்திரை கொள்ளத் துடங்கினீங்கள். எனக்குச் சுவருக்கு அங்காலை கேக்கும். முதல் எல்லாம் விடிய விடிய நடப்பீங்கள். பிறகு அந்தச் சத்தம் இல்லை. நான் எப்பிடி வந்து எழும்புங்கோ எண்டு சொல்லுறது?"

மக்டலீன் மகளின் கையை எடுத்தாள். உள்ளங்கையில் கைபிடி உரசிய காய்ப்பு. விரல்கள் குளிர்ந்திருந்தன. சூடுவரத் தேய்த்தாள், இல்லத்தில் கிழவிகளுக்குத் தேய்ப்பதுபோல, வேலைக் கவனத்தோடு.

"அது அவரின்ரை இடம்தான். ஆனா அவர் இழுக்காமல் இருந்தவர். எனக்கு அது வராது பிள்ளை. போ. கூப்பிடுகினம்."

நிருஜா எழுந்து, காலைச் சாய்த்து இரண்டடி நடந்து, திரும்பினாள். "அன்ரி, அந்தக் கையுறை? நாடா கையை வெட்டும்."

"வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்" என்றாள் மக்டலீன்.

அது அவளுடைய சட்டைப் பைக்குள் இருந்தது. இருவரும் அதன் விரல்நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். நிருஜா, "பரவாயில்லை அன்ரி" என்று சொல்லிவிட்டுப் படகில் இறங்கினாள்.

படகு போனது. மக்டலீன் சனத்தைவிட்டு விலகி, துறை மேடையின் ஓரத்தில், நனைந்த பலகையில் போய் நின்றாள். கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். படகு தூரத்தில் திரும்பி, நேராக வந்தது. எமிலியா கைபிடியைக் கீழே இறக்கி, பாதத்தை வாருக்குள் நுழைத்து, கைகளை விட்டாள். முழங்கால் மடிந்தது. தோள் இறங்கியது.

அவள் முதல் திரும்பலில் ஆடியபோது மக்டலீனின் கை மூடியது. கயிறு அவிழவில்லை. அலையில் ஏறி இறங்கிச் சாய்ந்தபோது கை மறுபடி மூடியது; தோல் தோலோடு நசுங்கியது; கயிறு அவிழவில்லை. எமிலியா நிமிர்ந்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இங்கே ஒரு கை மூடிற்று, அங்கே ஒரு பிள்ளை நிமிர்ந்தாள். பிறகு பின்பக்கம் திரும்பி நிற்கையில், எல்லாம் அமைதியாக, எந்த ஆட்டமும் இல்லாமல் இருந்த ஒரு கணத்தில், மக்டலீனின் கை ஓய்ந்திருந்தபோது, எமிலியா விழுந்தாள். நேரம் முடிந்த ஊதல் சத்தமும் அப்போதுதான் கேட்டது. கயிறு துள்ளிப் பின்னால் போனது.

சனம் எழுந்து கை தட்டியது. தண்ணீருக்கு மேலே தலை வந்தது; பிறகு ஒரு கை உயர்ந்தது. ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறேன் என்று விழுந்தவர் படகில் கயிறு பிடித்தவருக்குக் காட்டும் கை. படகில் நிருஜா கை உயர்த்தினாள். ரங்ஹில்லும் திரும்பிப் பார்த்துக் கை உயர்த்தினாள். எமிலியா படகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதானே பார்க்கவேண்டும்.

மக்டலீனின் கையும் பாதி உயர்ந்தது. பிறகு இறங்கியது. அறிவிப்பாளர் புள்ளிகளை வாசிக்க ஆரம்பித்தார். எமிலியாவின் பெயர் தெரிந்தவர்கள் புல்லில் துள்ளினார்கள். தேறிவிட்டாள் என்று அதிலிருந்தே விளங்கியது. அழவேண்டும்போல இருந்தது. இன்று இரவு தனக்குத் தூக்கம் வராது. அதுவும் தெரிந்தது.

அப்போது வாஃபிள் தட்டை ஒரு கையிலும் காப்பிக் குவளையை மறு கையிலும் வைத்துக்கொண்டு, வயதான நோர்வேக்காரர் ஒருவர் ஈரப் பலகையில் அவளைக் கடந்துபோகப் பார்த்தார். ஆரவாரம் கேட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பியவர் நடு வழியில் நின்றார். கொஞ்சம் ஆடினார்.

கையுறை போட்ட கை அவருடைய முழங்கையைப் பிடித்துவிட்டது.

அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். காப்பி சற்றுச் சிந்தியிருந்தது. "நான் விழவில்லையே" என்றார்.

"தெரியும்" என்றாள் மக்டலீன் அவருடைய மொழியில்.

புல் வரும்வரை பிடியை விடவில்லை.